குளியலறையில் சலவை இயந்திரமும் உலர்த்தியும்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கீழே கடை, மேலே வீடு. நம் வணிகப் பெருமக்களில் பலருக்கு இதுதான் வாழ்க்கை அமைப்பு. விடியற்காலை ஷட்டரைத் தூக்கினால் இரவு பத்து மணிக்குத்தான் இறக்குகிறோம். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், எண்ணெய்க் கறை, மூட்டைத் தூசி எல்லாம் நம் வேட்டி சட்டையில்தான் வந்து சேருகின்றன. அவற்றைத் துவைத்து உலர்த்தும் பாரம் வீட்டுப் பெண்கள் தலையில். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் மூன்று நாளானாலும் துணி காய்வதில்லை. எனவே சலவை இயந்திரத்தோடு உலர்த்தியும் வாங்கலாமா என்ற பேச்சு இன்று பல வீடுகளில் எழுகிறது.

வாங்கிவிடலாம். எங்கே வைப்பது? கடைத்தெரு வீடுகளில் பால்கனியோ, தனியாக ஒரு வேலைக்கூடமோ இருப்பது அபூர்வம். கடைசியில் இயந்திரம் போய்ச் சேரும் இடம் குளியலறைதான். அங்கே தண்ணீர் வரவும் உண்டு, கழிவுநீர் போக வழியும் உண்டு என்பதால் இது இயல்பான முடிவுதான். ஆனால் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதை எழுதுபவனுக்கே பட்ட அனுபவம் உண்டு. கழிவுநீர்க் குழாயைத் தரையில் இருந்த சல்லடைமேல் சும்மா போட்டு வைத்திருந்தோம். ஓர் இரவு இயந்திரம் தண்ணீரைத் தள்ளிய வேகத்தில் குழாய் துள்ளி நகர்ந்தது. டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழே கிடங்கில் இருந்த சர்க்கரை மூட்டைகள் மேல் சொட்டியது. 50 கிலோ மூட்டைகள் 9 நனைந்தன. அவற்றில் 4 மூட்டை அடியோடு வீண். மறுநாள் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் இன்னொன்றும் சொன்னார்: அந்தப் பிளக்கில் எர்த் கம்பியே இணைக்கப்படவில்லை. "மெஷினைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்று இருக்கிறது" என்று வீட்டில் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததன் பொருள் அன்றுதான் விளங்கியது. சரக்குப் போனால் மீண்டும் கொள்முதல் செய்யலாம். ஆள் போனால்?

அந்த நாளுக்குப் பிறகு கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை நம்மவர்களின் பயனுக்காக இங்கே தருகிறேன்.

முதலில் அளவு நாடா

கடைக்குப் போகும் முன் வீட்டை அளக்க வேண்டும். முன்பக்கம் கதவுள்ள இயந்திரம் பெரும்பாலும் 60 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம். ஆழம் 45 முதல் 65 செ.மீ. வரை மாறும். பின்பக்கம் குழாய்களுக்காக 5 முதல் 10 செ.மீ., இரு பக்கமும் 2 செ.மீ. வீதம் இடம் விட வேண்டும். கதவைத் திறந்து குனிந்து துணி எடுக்க முன்னால் சுமார் 60 செ.மீ. தேவை. மேலே மூடியுள்ள இயந்திரத்திற்கு முன்னால் அவ்வளவு இடம் வேண்டாம். ஆனால் மூடியைத் தூக்கினால் சுமார் 130 முதல் 140 செ.மீ. உயரம் வரும். அந்த உயரத்தில் அலமாரியோ, குழாயோ குறுக்கிடக் கூடாது.

உலர்த்தியைத் தனியாக வாங்குவோர் அதை முன்கதவு இயந்திரத்தின் மேல் அடுக்கலாம். இரண்டும் சேர்ந்து சுமார் 170 முதல் 175 செ.மீ. உயரம் ஆகும். இதற்கென்று அதே கம்பெனி தரும் இணைப்புச் சட்டத்தை வாங்கிப் பொருத்த வேண்டும். சட்டம் இல்லாமல் மேலே தூக்கி வைத்தால், பிழியும்போது ஏற்படும் அதிர்வில் உலர்த்தி நகர்ந்து விழுந்துவிடும். மேல்மூடி இயந்திரத்தின் மேல் எதையும் அடுக்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பலர் மறப்பது வாசற்படியை. குளியலறைக் கதவு இரண்டரை அடி என்றால், நிலைக்கும் கதவுக்கும் போக உள்ளே கிடைப்பது 26, 27 அங்குலம்தான். அதாவது சுமார் 66 முதல் 68 செ.மீ. 60 செ.மீ. இயந்திரம் அட்டைப் பெட்டியோடு நுழையாமல் போகலாம். மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

ஐந்துக்கு எட்டடிக் குளியலறை என்று வைத்துக்கொள்வோம். குளிக்கும் இடம் ஒரு கோடி, கழிப்பிடம் நடுவில் என்றால், கதவை ஒட்டிய காய்ந்த மூலைதான் இயந்திரத்திற்கு ஏற்றது. நடுவே ஒரு பிளாஸ்டிக் திரையாவது தொங்கவிட வேண்டும். இயந்திரங்களில் ஐ.பி.எக்ஸ்.4 என்று குறியிட்டிருந்தால் அது தண்ணீர்த் தெறிப்பைத் தாங்கும் என்று பொருள். குழாயைப் பிடித்துப் பீய்ச்சிக் கழுவலாம் என்று பொருள் இல்லை.

எடையும் தளமும்

மேல்மூடி இயந்திரம் 30 முதல் 40 கிலோ இருக்கும். முன்கதவு இயந்திரம் 60 முதல் 75 கிலோ வரை இருக்கும். ஆடாமல் நிற்பதற்காக உள்ளே கான்கிரீட் அல்லது இரும்பு எடைக்கட்டி வைத்திருப்பதே காரணம். துணியும் தண்ணீரும் சேர்ந்தால் 90, 100 கிலோ. நம் கணக்கில் சொன்னால் இரண்டு சர்க்கரை மூட்டை. கான்கிரீட் தளத்திற்கு இது ஒரு பாரமே இல்லை. ஆனால் பழைய கடைத்தெரு வீடுகளில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் தளங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே பாரத்தைவிட அதிர்வும் ஈரமும்தான் பகை. ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் வைக்க வேண்டாம்.

தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் வைப்பது சாலச் சிறந்தது. தரைத் தண்ணீர் இயந்திரத்தின் அடியைத் தொடாது. மேடை மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். குளியலறைத் தரைக்கு வாட்டம் உண்டு. மேடைக்கு வாட்டம் இருக்கக் கூடாது. முன்கதவு இயந்திரத்தின் பின்புறம், வண்டியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் போட்ட போல்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் இயந்திரம் குதிக்கும்.

மேடை கட்டும் முன் தரையைச் சோதித்துவிடுங்கள். சோதனை எளிது. கழிவுநீர் வாயைத் துணியால் அடைத்து, வாசலில் ஒரு சிறு வரப்பு கட்டி, 5 செ.மீ. தண்ணீர் நிறுத்துங்கள். 24 மணி நேரம் கழித்துக் கிடங்கின் மேல்தளத்தைப் பாருங்கள். ஈரப் புள்ளி தெரிந்தால் டைல்ஸைப் பெயர்த்து நீர்க்காப்புப் பூச்சு செய்த பிறகே மேற்கொண்டு வேலை.

மின்சாரம்: இங்கே சிக்கனம் வேண்டாம்

நம் மின்சாரம் 230 வோல்ட். தண்ணீர் சூடாக்கும் சலவை இயந்திரம் சுமார் 2000 வாட் இழுக்கும். கம்பிச் சுருள் சூட்டில் ஓடும் உலர்த்தி 2000 முதல் 2500 வாட். கீசர் 2000 வாட். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 6500 வாட், அதாவது சுமார் 28 ஆம்பியர். அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று மின் அட்டையைப் பார்த்து, குறைவாக இருந்தால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இயந்திரத்திற்கும் உலர்த்திக்கும் தனித்தனி லைன் வேண்டும். 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 16 ஆம்பியர் மூன்று துளைச் சாக்கெட், தனித்தனி எம்.சி.பி. என்பது நல்ல ஏற்பாடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஓட்டுவது கூடவே கூடாது. உலர்த்தியை வீட்டு இன்வெர்ட்டரோடு இணைக்கவும் கூடாது.

எம்.சி.பி. போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். எம்.சி.பி. கம்பியைக் காக்கும். அளவுக்கு மீறிப் பளு வந்தால் துண்டிக்கும். ஆனால் மனிதனைக் கொல்லப் போதுமான மின்சாரம் அதன் கண்ணுக்கே தெரியாது. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பான். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் எடை போடுகிறது. நம் தராசின் இரு தட்டு போலத்தான். 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு கண்டால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். குளியலறை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதையே கேட்டு வாங்குங்கள். 100, 300 மில்லி ஆம்பியரிலும் அவை கிடைக்கின்றன. அவை தீ விபத்தைத் தடுக்க உதவலாம். உயிரைக் காக்கப் போதா. அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழ வேண்டும்.

எர்த் இல்லாமல் இவை எதுவும் முழுமை இல்லை. எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றுவது பழைய வழக்கம். இன்று குழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதில் சுற்றி என்ன பயன்? நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டில் சேர்த்து முடிவதும் ஆபத்து. லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட் எங்கே இருக்க வேண்டும்? தொட்டி இல்லாத ஷவர் குளியலுக்கு, ஷவர் பொருத்திய புள்ளியிலிருந்து 120 செ.மீ. வரை ஈரப் பகுதி என்பது சர்வதேச மின்பாதுகாப்புக் கணக்கு. நம் சிறிய குளியலறையில் அந்தத் தூரத்தைத் தாண்டினால் எதிர்ச்சுவர் வந்துவிடும். ஆகவே சாக்கெட்டையும் சுவிட்சையும் குளியலறைக்கு வெளியே, அதே சுவரின் மறுபக்கத்தில் வைப்பதே பாதுகாப்பு. பிளக் நுழையும்படி 63 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றைச் சுவரில் பதித்தால் வேலை முடிந்தது. ஈரக் கையோடு பிளக்கைத் தொடும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

தண்ணீர் வரும் வழி

மொட்டை மாடித் தொட்டி உயரமாக இல்லாவிட்டால் இயந்திரத்திற்குத் தண்ணீர் போதிய அழுத்தத்தில் வராது. 10 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம். தொட்டியின் அடிமட்டத்திற்கும் இயந்திரத்திற்கும் இடையே 3 மீட்டர்தான் என்றால் கிடைப்பது 0.3 பார். குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வாங்கும் முன் கையேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். போதாவிட்டால் சிறு பிரஷர் பம்பு வைக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இயந்திரக் குழாய்க்குத் தனியாக முக்கால் அங்குல மரையுள்ள குழாய் வேண்டும். துவைத்து முடிந்ததும் குழாயை மூடிவிடும் பழக்கம் நல்லது. இரவெல்லாம் அழுத்தத்தில் நிற்கும் ரப்பர் குழாய்தான் ஒருநாள் வெடிக்கிறது.

போர்வெல் தண்ணீர் வரும் ஊர்களில் கடினத்தன்மையைச் சோதித்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீருக்கே லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைதான் ஏற்புடையது. வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை. அதற்கு மேல் போனால் சோப்பு நுரைக்காது, இயந்திரத்தின் சூட்டுக் கம்பியில் உப்புப் படியும்.

தண்ணீர் போகும் வழி

இங்கேதான் நான் தவறினேன். பம்பு மூலம் தண்ணீரைத் தள்ளும் முன்கதவு இயந்திரத்தின் கழிவுக்குழாய் முனை தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் கிடந்தால், உள்ளே எடுத்த தண்ணீர் துவைக்கும் முன்பே தானாக வழிந்து போய்விடும். மேல்மூடி இயந்திரங்களில் பலவற்றுக்குப் பம்பு கிடையாது. அவற்றின் குழாயை உயர்த்தினால் தண்ணீர் வெளியேறாது. தரையோடு ஒட்டித்தான் போக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முன்கதவு இயந்திரத்திற்குச் சுவரோரம் ஒரு நிமிர்ந்த பி.வி.சி. குழாயை நட்டு, அதனுள் கழிவுக்குழாயை ஒரு சாண் அளவுக்கு விட்டு, சுவரில் கிளாம்ப் அடித்துவிடுங்கள். வாயைச் சிமெண்டு, டேப் என்று எதனாலும் அடைக்க வேண்டாம். காற்று போக வழி இருக்க வேண்டும். அந்தக் குழாய் நஹானி ட்ராப் வழியாகப் போனால் சாக்கடை நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே ஏறா.

உலர்த்தியில் எது?

செமி ஆட்டோமேட்டிக் இயந்திரத்தில் துணியைப் பிழியும் தொட்டியை நாம் டிரையர் என்கிறோம். அது சுற்றிப் பிழியுமே தவிரக் காய வைக்காது. வெப்பக் காற்றால் காய வைக்கும் உலர்த்தி வேறு. அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை ஈரக் காற்றை வெளியே தள்ளுவது. இதற்கு 10 செ.மீ. குழாயைச் சுவர் வழியாக வெட்டவெளிக்கு விட வேண்டும். குளியலறைக்குள்ளேயோ கிடங்கின் பக்கமோ விடலாகாது. 5 கிலோ துணியை 1000 சுற்று வேகத்தில் பிழிந்தாலும் சுமார் 3 லிட்டர் தண்ணீர் துணியில் தங்கியிருக்கும். அது முழுவதும் ஆவியாகிக் கிடங்கில் இறங்கினால் மைதா, ரவை மூட்டைகள் கதி என்ன ஆகும்?

இரண்டாவது, ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கிச் சேர்ப்பது. வெளிக்குழாய் வேண்டாம். ஆனால் அறை சூடாகும். எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம். மூன்றாவது, ஹீட் பம்ப் வகை. விலை கூடுதல், மின்செலவு ஏறத்தாழப் பாதி. வெளிக்குழாய் தேவைப்படாததால் குளியலறைக்கு இதுவே பொருத்தம்.

துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றிலேயே உள்ள இயந்திரமும் உண்டு. இடம் மிச்சம். ஆனால் 8 கிலோ துவைக்கும் இயந்திரம் 5 கிலோ அளவுக்குத்தான் உலர்த்தும். மீதியை வெளியே எடுத்து இரண்டாம் முறை போட வேண்டும். நான்கைந்து பேர் உள்ள குடும்பம் இதை யோசித்து வாங்க வேண்டும்.

வரவு செலவு

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 0.63 யூனிட் தேவை. 3 லிட்டருக்கு 1.9 யூனிட். வீணாகும் சூட்டையும் சேர்த்தால் சுருள் வகை உலர்த்தி ஒரு தடவைக்கு 3 யூனிட் வரை இழுக்கும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24 ரூபாய். ஹீட் பம்பில் சுமார் 12 ரூபாய். மாதம் 12 தடவை என்றால் 288 ரூபாயும் 144 ரூபாயும். வெயிலில் காயப் போட்டால் செலவே இல்லை. ஆகவே மழைக் காலத்திற்கு உலர்த்தி, மற்ற நாளில் மொட்டை மாடிக் கொடி என்று வைத்துக்கொள்வதே வணிகனுக்கு அழகு. வீட்டு மின்கட்டணம் படிநிலையில் ஏறுவது என்பதால் பயன்பாடு கூடும்போது ஒவ்வொரு யூனிட்டும் கூடுதல் விலையாகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். நன்றாகப் பிழிந்துவிட்டு உலர்த்தியில் போடுங்கள். பிழிவது மலிவு, ஆவியாக்குவது விலை.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டுக்கும் கடைக்கும் தனித்தனி மீட்டர் இருக்கும். கடை லைனில் இருந்து மேலே கம்பி இழுத்தால் வணிகக் கட்டணம். வீட்டு லைனில் கடையை ஓட்டினால் விதிமீறல். இரண்டையும் கலக்க வேண்டாம். அதேபோல் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து வாங்கி, உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை என்று 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

மளிகைக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை

கடையில் எண்ணெய் துடைத்த துணியை உலர்த்தியில் போடவே கூடாது. சமையல் எண்ணெய் ஊறிய துணி துவைத்த பிறகும் முழுதாக எண்ணெய் போகாமல் இருக்கும். உலர்த்தியின் சூட்டில் அந்த எண்ணெய் காற்றோடு கலந்து தானே மேலும் சூடேறி, குவியலாகக் கிடக்கும்போது தீப்பிடிக்கக்கூடும். இத்தகைய துணிகளைக் கொடியில் மட்டுமே காயப் போடுங்கள். உலர்த்தியின் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்யுங்கள். அந்தப் பஞ்சும் எளிதில் தீப்பற்றும்.

சட்டைப் பையில் சில்லறையும் சரக்குச் சீட்டும் மறந்து கிடக்கும் தொழில் நம்முடையது. நாணயம் பம்பில் சிக்கினால் தண்ணீர் வெளியேறாது. துவைக்கும் முன் பையைத் தட்டிப் பாருங்கள். கிடங்கு எலி மேலே ஏறி இயந்திரத்தின் கம்பியையும் ரப்பர் குழாயையும் கடிப்பதும் உண்டு. அடிப்பக்கம் திறந்திருக்கும் மாடல்களுக்குத் தகட்டாலோ வலையாலோ தடுப்புப் போடுங்கள்.

குளியலறைக்கு நேர் கீழே சர்க்கரை, உப்பு, மைதா, ரவை அடுக்காதீர்கள். அந்த இடத்தில் டின், பிளாஸ்டிக் சாமான்களை வையுங்கள். எந்த மூட்டையும் தரையில் நேராகப் படாமல் மரச்சட்டத்தின் மேல் இருக்கட்டும். கடைச் சரக்கிற்குத் தீக் காப்பீடு எடுத்திருப்பவர்கள், தண்ணீர்க் குழாய் வெடித்து வழிவதால் வரும் சேதமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

நிறைவாக, வேலையின் வரிசை இதுதான். அளவெடுத்தல், தரைச் சோதனை, மேடை, கழிவுக்குழாய், தனி மின் லைன், எர்த் சோதனை, அதன் பிறகே இயந்திரத்தை வரவழைத்தல். நாமோ முதலில் இயந்திரத்தை வாங்கிவிட்டுப் பிறகு இடம் தேடுகிறோம். முதல் தடவை ஓடும்போது ஒருவர் மேலே, ஒருவர் கிடங்கில் நின்று பார்க்க வேண்டும். வீட்டுப் பெண்கள் "சுள்ளென்றது" என்று ஒருமுறை சொன்னாலும் போதும், உடனே மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கல்லாவில் ஆள் இல்லை, சாயங்காலம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட வேண்டாம். நான் இரண்டு மாதம் தள்ளிப் போட்டேன். அந்த இரண்டு மாதமும் ஒன்றும் நடக்காமல் போனது என் சாமர்த்தியம் இல்லை.